நைந்துபோன தேசியக் கொடியை என்ன செய்வது? பாளையங்கோட்டையில் ஒரு பெட்டி நிறைய இருக்கிறது

தெற்கு பஜார்க்காரன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் தெருக் குடியிருப்போர் சங்கத்துக்கு இப்போது நான்தான் செயலாளர். 2022 ஆகஸ்டில், சுதந்திரத்தின் 75 ஆண்டு நிறைவுக்கு, வீட்டுக்கு ஒரு கொடி என்று சங்கத்திலிருந்து வாங்கிக் கொடுத்தோம். அந்த வாரம் தெருவைப் பார்க்கக் கண் நிறைந்தது. மொட்டைமாடி, பால்கனிக் கம்பி, முருங்கை மரத்தில் கட்டிய மூங்கில் கழி என்று எங்கே திரும்பினாலும் மூவர்ணம்தான். ஏற்றச் சொல்லிக் கொடுத்தோம். இறக்கச் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தத் தவறு எங்களுடையது.

இப்போது வெள்ளையடிக்கிற வீட்டில், பரண் ஒதுக்குகிற வீட்டில் கொடி கிடைத்தால் "இதை என்ன செய்ய?" என்று என் வீட்டுத் திண்ணையில் கொண்டுவந்து வைக்கிறார்கள். ஓர் அட்டைப்பெட்டியில் சேர்த்து வருகிறேன். நேற்று எண்ணினேன், 43 கொடி. காவி வெளுத்துச் சந்தன நிறமாகிவிட்டது. சிலதில் சக்கரத்தின் நீலம் இறங்கி வெள்ளையில் மேகம் மாதிரி படர்ந்திருக்கிறது. ஒன்றை எலி கடித்திருக்கிறது.

போன வாரம் ஒரு பைக் மெக்கானிக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். வேலை பார்க்கிற பையன் செயினைத் துடைத்துக்கொண்டிருந்த துணியில் ஓரமாகப் பச்சை தெரிந்தது. வாங்கி விரித்தால் எண்ணெய்க் கறைக்கு நடுவே பாதிச் சக்கரம். "ரோட்டுல கிடந்துச்சு அண்ணாச்சி, துணின்னு எடுத்தேன்" என்றான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. பக்கத்துக் கடையில் கழிவுப் பஞ்சு ஒரு பொட்டலம் வாங்கிக் கொடுத்துவிட்டு, கொடியை எடுத்து வந்துவிட்டேன். பெட்டியில் அதுதான் மேலே இருக்கிறது.

எரித்தால் ஜெயில் என்று ஒருவர் சொல்கிறார். ஆற்றில் விடலாம் என்று இன்னொருவர். முறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அம்பை வக்கீல் எழுதியது:

அண்ணாச்சி, எரிக்கலாம். எரிக்கத்தான் சொல்லியிருக்கிறது. 2002 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள இந்தியக் கொடி விதித் தொகுப்பில், பழுதான அல்லது அழுக்கேறிய கொடியைத் தனிமையில், முழுமையாக அழிக்க வேண்டும் என்று இருக்கிறது. அதற்கு எரிப்பதே சிறந்தது, அல்லது கொடியின் கண்ணியத்துக்குப் பொருந்திய வேறு வழி.

ஜெயில் என்கிற பேச்சு எங்கிருந்து வருகிறது என்றால், 1971ஆம் ஆண்டின் தேசிய மரியாதைகளுக்கு அவமதிப்பு செய்வதைத் தடுக்கும் சட்டம். பொது இடத்திலோ பொதுமக்கள் பார்வை படும் இடத்திலோ கொடியை எரிப்பது, கிழிப்பது, மிதிப்பது குற்றம். மூன்றாண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அதனால் 'தனிமையில்' என்ற சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். தெருமுனையில் குப்பையோடு போட்டுக் கொளுத்துவது வேறு. நாலு சுவருக்குள், நாலு பேர் நின்று, மரியாதையோடு முடித்து வைப்பது வேறு. வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால் அந்த வேறுபாடு போய்விடும். யாரும் போனைத் தொட வேண்டாம்.

'முழுமையாக' என்ற சொல்லும் முக்கியம். முன்னதாகவே மூன்று நிறத்தையும் தனித்தனியாக வெட்டிவிட்டால் கொடி கொடியாக இருக்காது, பிறகு பயமில்லை என்று சிலர் யோசிப்பார்கள். வெட்டக் கூடாது.

பாபநாசம் படித்துறை எழுதியது:

ஆற்றில் மட்டும் விடாதீர்கள், உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். பாபநாசத்தில் பரிகாரம் என்று உடுத்திய துணியை அவிழ்த்து ஆற்றில் விட்டுப் போகிறார்கள். அதை அள்ளுகிற வேலைக்கு நானும் போயிருக்கிறேன். முழங்கால் தண்ணீரில் நின்று இழுத்தால் வேட்டி, சேலை, சட்டை எல்லாம் பாறை இடுக்கில் பின்னிப் பாசி பிடித்துக் கயிறாக வரும். மீன் செத்து உள்ளே மாட்டியிருக்கும். அந்தக் குவியலுக்குள் நம் கொடியும் கிடக்க வேண்டுமா?

அம்பை வக்கீல் எழுதியது:

படித்துறை சொல்வதற்கு விதியிலேயே ஆதாரம் இருக்கிறது. கொடி தரையிலோ தளத்திலோ படவும், தண்ணீரில் இழுபடவும் விடக் கூடாது என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். தாமிரபரணியில் விடுகிற யோசனையை இத்தோடு விட்டுவிடலாம்.

டல்லாஸ் நெல்லைக்காரன் எழுதியது:

நான் இருக்கும் ஊரில் நடப்பதைச் சொல்கிறேன். அமெரிக்கச் சட்டத்திலும் பழைய கொடியைக் கண்ணியமாக, எரிப்பதே மேல் என்றுதான் இருக்கிறது. முன்னாள் படைவீரர் சங்கங்கள் வாசலில் பெட்டி வைத்து வாங்கிக்கொள்கின்றன. ஜூன் 14 அங்கே கொடி நாள். அதையொட்டிப் பல ஊர்களில் எல்லாரும் பார்க்க, வரிசையாக நின்று, சடங்கு மாதிரி எரிக்கிறார்கள். சாரணச் சிறுவர்களும் இதைச் செய்வதுண்டு. நம் ஊரில் ஏன் இப்படி ஒரு நாள் வைக்கக் கூடாது?

அம்பை வக்கீல் எழுதியது:

பெட்டி வைத்து வாங்குவதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம் தம்பி. அதைத்தான் அண்ணாச்சி தன்னை அறியாமலே செய்துகொண்டிருக்கிறார். ஊர் பார்க்க எரிப்பது நமக்கு ஆகாது. அவர்கள் சட்டம் வேறு, நம் சட்டம் வேறு. முக்கோணமாக மடிப்பதும் அவர்கள் வழக்கம்தான்.

மேலப்பாளையம் டெய்லர் எழுதியது:

நான் தைக்கிறவன், துணியைப் பற்றிச் சொல்கிறேன். அண்ணாச்சி, அந்த 43இல் எத்தனை பருத்தி, எத்தனை பாலியெஸ்டர் என்று முதலில் பிரியுங்கள். ஓரத்தில் ஒரு நூல் உருவித் தீக்குச்சியில் காட்டுங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாடை வரும், சாம்பல் விரலில் பொடியும். பாலியெஸ்டர் சுருண்டு உருகி, நுனியில் கறுப்பு மணியாகக் கெட்டியாகிவிடும்.

முன்பெல்லாம் கொடி என்றாலே கையால் நூற்று, கையால் நெய்த கதர்தான். பருத்தி, பட்டு, கம்பளி, இவைதான் அனுமதி. 2021 டிசம்பர் 30இல் விதியைத் திருத்தி, இயந்திரத்தில் செய்ததும் பாலியெஸ்டரும் ஆகலாம் என்றார்கள். விலை குறைந்தது, எல்லார் வீட்டுக்கும் கொடி வந்தது, நல்லதுதான். ஆனால் எரிக்க வேண்டும் என்ற விதி பருத்திக் காலத்தில் எழுதியது. பாலியெஸ்டர் பருத்தி மாதிரி எரிந்து சாம்பலாகாது, உருகிச் சொட்டும், கறுப்புப் புகை கக்கும். பத்துக் கொடியை மொத்தமாகப் போட்டால் ஒட்டிக் கட்டியாகி நிற்கும். அதைப் பார்த்தால் மரியாதை செய்தோம் என்ற எண்ணமே வராது. என் கடையில் ஒரு தடவை பார்த்துவிட்டு இரவு தூக்கமில்லை.

இன்னொன்று. ஓரம் பிரிந்த கொடியைக் கொண்டுவந்து "கொஞ்சம் வெட்டி மடித்து அடித்துக் கொடுங்க பாய்" என்கிறார்கள். நான் செய்வதில்லை. கொடியின் நீளத்துக்கும் அகலத்துக்கும் 3:2 என்று கணக்கு இருக்கிறது. மூன்றடிக்கு இரண்டடி கொடியில் பிரிந்த ஓரத்தை நாலு அங்குலம் வெட்டினால் நீளம் 32 அங்குலம், அகலம் அதே 24. இப்போது அது 4:3. சக்கரமும் நடுவில் இருக்காது, காற்றுப் பக்கம் தள்ளிப் போய்விடும். அளவு தப்பியது கொடியே இல்லை.

பணகுடிக்காரன் எழுதியது:

ஓரம் ஏன் பிரிகிறது என்று எங்கள் ஊரில் வந்து நின்றால் தெரியும். கணவாய் வழியாக வருகிற காற்றுக்குத்தான் இங்கே இத்தனை காற்றாலை நிற்கிறது. ஆடியில் அம்மியே பறக்கும் என்பார்கள், அந்தக் காற்று ஓயாமல் இருக்கும்போதுதான் ஆகஸ்ட் 15 வருகிறது. கொடி பறக்கவில்லை, அடித்துக்கொள்கிறது. கழியில் கட்டாத பக்கத்துக் கீழ்முனை, பச்சை மூலை, அதுதான் முதலில் போகும். காலையில் ஒரு நூல் தொங்கும், சாயங்காலம் ஒரு விரல் நீளம் பிரிந்திருக்கும், மூன்றாம் நாள் குஞ்சம் மாதிரி ஆகிவிடும்.

2022 ஜூலையில் விதியை மாற்றி, வீட்டில் இரவும் பகலும் பறக்கலாம் என்றார்கள். பறக்கலாம் என்றுதானே சொன்னார்கள், பறந்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லையே. நான் பழையபடி பொழுது சாய இறக்கிவிடுகிறேன். பக்கத்து வீட்டுக் கொடி ஒரே வாரத்தில் கிழிந்தது. என்னுடையது மூன்று வருடமாக இருக்கிறது.

பி.டி. வாத்தியார் (ஓய்வு) எழுதியது:

பணகுடித் தம்பி சொன்னதுதான் நான் முப்பது வருடமாகப் பையன்களிடம் தொண்டை வற்றச் சொன்னது. விறுவிறுவென்று ஏற்று, நிதானமாக இறக்கு. விதியிலும் அப்படியேதான் இருக்கிறது. காலையில் ஏற்றும்போது பள்ளிக்கூடமே நிற்கும், பேண்டு, மிட்டாய், பேச்சு. சாயங்காலம் இறக்கும்போது வாட்ச்மேன் மட்டும் நிற்பார். அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அப்புறம் ஒரு முறை வைத்தேன்: ஆகஸ்ட் 15 சாயங்காலம் நாலு பையன்கள் என்னோடு வர வேண்டும். இரண்டு பேர் கயிறு, இரண்டு பேர் துணியை ஏந்த. தரையில் படக் கூடாது.

மடிக்கிற விதம் இது. நாலு பேரும் நாலு மூலையைப் பிடித்துக் கொடியைப் படுக்கையாக நீட்டிக்கொள்ளுங்கள். காவியையும் பச்சையையும் வெள்ளைக்கு அடியில் மடித்துவிடுங்கள். மேலே வெள்ளையும், இரு ஓரத்தில் கீற்றாகக் காவியும் பச்சையும் தெரிய வேண்டும். பிறகு இடது வலது பக்கங்களை நடுவை நோக்கி உள்ளே மடித்துக்கொண்டே வந்தால் கடைசியில் அசோகச் சக்கரம் மேலே வந்து நிற்கும். அதை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தித்தான் கொண்டுபோக வேண்டும். கக்கத்தில் இடுக்கக் கூடாது.

ஒரு வருடம் இறக்குகிற நேரம் சாரல் பிடித்துக்கொண்டது. நனைந்த கொடியை மடித்து வைத்தால் சாயம் ஒட்டும். பையன்கள் நாலு பேரும் மூலைக்கு ஒருவராகப் பிடித்தபடியே, ஒரு கால் மாற்றாமல், லேப் வரைக்கும் நடந்து வந்தார்கள். இரண்டு பெஞ்சுக்கு நடுவே விரித்து மின்விசிறியைப் போட்டோம். சொட்டுகிற தண்ணீர் லேசாகப் பச்சையாக இருந்தது. ஒருத்தன் தன் கைக்குட்டையைக் கீழே விரித்தான். நான் சொல்லவில்லை, அவனாகச் செய்தான்.

தலைகீழாக ஏற்றுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது அறியாமை இல்லை, அவசரம். முந்தின நாளே விரித்துப் பார்த்துக் காவி முனையில் அடையாளம் கட்டி வைத்தால் தப்பாது. மேலே முடிச்சுப் போட்டு, உள்ளே பூ வைத்து, இழுத்ததும் விரிகிற மாதிரி கட்டுவதானால் சுருக்கு ஒரே இழுப்பில் அவிழ வேண்டும். மூன்று தடவை இழுத்துப் பார்க்காமல் நான் எந்த விழாவிலும் நின்றதில்லை. பூ வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: இதழ் வைக்க விதியில் தடையில்லை.

தெற்கு பஜார்க்காரன் எழுதியது:

வாத்தியார் ஐயா, படித்துவிட்டு வீட்டில் மகளை வைத்துக்கொண்டு மடித்துப் பார்த்தேன். மூன்றாம் தடவை சரியாக வந்தது.

டெய்லர் பாய் சொன்னபடி நூல் உருவிப் பார்த்துவிட்டேன். பருத்தி 14, பாலியெஸ்டர் 29. இதில் மூன்று கொடியில் வெள்ளைப் பட்டையில் கொடுத்தவர் பெயரும் அச்சடித்திருக்கிறது. பேப்பர் கொடியும் குண்டூசிக் கொடியும் தனியாக ஒரு பை.

அம்பை வக்கீல் எழுதியது:

கொடியின் மேல் எந்த எழுத்தும் கூடாது. எவ்வளவு பெரிய மனிதர் பெயரானாலும் சரி. அந்த மூன்றையும் இனி யாருக்கும் கொடுக்க வேண்டாம், மற்றவற்றோடு சேர்த்து முடித்து வைத்துவிடுங்கள். பேப்பர் கொடியையும் கீழே போடக் கூடாது, தனிமையில்தான் அப்புறப்படுத்த வேண்டும். பிளாஸ்டிக் கொடி வேண்டவே வேண்டாம், மக்காது. விழா முடிந்த மைதானத்தைப் போய்ப் பாருங்கள், தெரியும்.

எதற்கும் பயந்து இனிமேல் வீட்டில் கொடியே வேண்டாம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 2002க்கு முன்னால் சாதாரண மக்கள் நினைத்த நாளில் கொடி ஏற்ற முடியாது. கொடியை மரியாதையோடு பறக்கவிடுவது குடிமகனின் அடிப்படை உரிமை என்று 2004 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த உரிமை ஒரு வழக்கு நடத்தி வந்தது.

கடையத்துத் தங்கச்சி எழுதியது:

இவ்வளவு நாள் படிக்க மட்டும் செய்தேன், இன்று கேட்டே ஆக வேண்டும். எங்கள் அண்ணன் ராணுவத்தில் இருந்தான். பெட்டியின் மேல் போர்த்தி வந்த கொடியை மடித்து மதினி கையில் கொடுத்தார்கள். பதினோரு வருடமாக அது மதினியின் பீரோவில், கல்யாணச் சேலைக்கு மேலே இருக்கிறது. போன மாதம் எடுத்துப் பார்த்தபோது வெள்ளையில் பூச்சி அரித்து இரண்டு ஓட்டை, மிளகு அளவு. பழுதான கொடியை அழிக்க வேண்டும் என்று இங்கே படித்ததும் எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. மதினியிடம் இன்னும் சொல்லவில்லை. அதையும் எரிக்க வேண்டுமா?

பி.டி. வாத்தியார் (ஓய்வு) எழுதியது:

வேண்டாம் தாயி. வேண்டவே வேண்டாம்.

அம்பை வக்கீல் எழுதியது:

தங்கச்சி, பதற வேண்டாம். படைவீரர் இறுதிச் சடங்கில் கொடியைக் காவி தலைமாட்டில் வருமாறு போர்த்துவார்கள். ஆனால் கொடியைக் குழிக்குள் இறக்கவும் கூடாது, சிதையில் எரிக்கவும் கூடாது என்பது விதி. அதனால்தான் அது எடுக்கப்பட்டு உங்கள் மதினி கைக்கு வந்தது. பறக்கவிட்டு நைந்த கொடிக்குத்தான் அழிக்கிற பேச்சு. இது ஏற்றுவதற்கான கொடி இல்லை, உங்கள் குடும்பம் காக்கிற கொடி. 1947 ஆகஸ்ட் 15 அன்று சென்னைக் கோட்டையில் ஏற்றிய பட்டுக் கொடியைக் கோட்டை அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். பழையதாகிவிட்டது என்று அதை யாரும் எரிக்கவில்லையே.

மேலப்பாளையம் டெய்லர் எழுதியது:

தங்கச்சி, அந்த ஓட்டையைத் தைக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும். பிளாஸ்டிக் கவரில் இருந்தால் உடனே எடுத்துவிடுங்கள், உள்ளே வேர்த்துத்தான் பூச்சி வரும். பழைய வெள்ளை வேட்டித் துணியைக் கஞ்சி போகத் துவைத்துக் காயவைத்து, அதில் சுற்றி வையுங்கள். வசம்பு இரண்டு துண்டு சின்னத் துணி முடிப்பாகக் கட்டிப் பக்கத்தில் வைக்கலாம், கொடியில் நேராகப் படக் கூடாது. அந்துருண்டை வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை நிழலில் விரித்து, வேறு இடத்தில் மடிப்பு விழுகிற மாதிரி மாற்றி மடியுங்கள். ஒரே மடிப்பில் வருடக்கணக்காக இருந்தால் அந்தக் கோட்டிலேயே நூல் விட்டுவிடும்.

கடையத்துத் தங்கச்சி எழுதியது:

கவரில்தான் இருந்தது அண்ணே. இன்றே மாற்றுகிறேன். மதினியிடம் இதைப் படித்துக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை, எழுந்து போய் வேட்டித் துணியைத் துவைக்கப் போட்டுவிட்டாள்.

பாபநாசம் படித்துறை எழுதியது:

பாலியெஸ்டர் 29க்கு வழி சொல்லவில்லையே யாரும்?

பி.டி. வாத்தியார் (ஓய்வு) எழுதியது:

எனக்கு ஒன்று தோன்றுகிறது. கண்ணியமான வேறு வழி என்று விதியே இடம் கொடுக்கிறது. உருக்கிப் புகையாக்குவதைவிடப் புதைப்பது மேல். வெறும் மண்ணில் போடாமல், மடித்து, ஒரு மண்பானைக்குள் அடுக்கி மூடிப் புதைக்கலாம். ஆதிச்சநல்லூரில் நம் ஆட்கள் பெரியவர்களைத் தாழியில் வைத்துத்தானே மண்ணுக்குக் கொடுத்தார்கள்? இந்த மண்ணில் அதைவிடப் பெரிய மரியாதை எனக்குத் தெரியவில்லை. பாலியெஸ்டர் மக்காது என்பீர்கள். மக்காதுதான். ஆனால் மிதிபடாது, குப்பைவண்டியில் போகாது. இனிமேல் வாங்குவதைப் பருத்தியாக வாங்கினால் அடுத்த பானைக்கு வேலையிருக்காது.

தெற்கு பஜார்க்காரன் எழுதியது (பத்து நாள் கழித்து):

முடித்துவிட்டோம். சங்கத்தில் எல்லாரும் சம்மதித்தார்கள். உறுப்பினர் ஒருவருக்கு ஊருக்கு வெளியே வேலிபோட்ட தோட்டம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஆறு பேர் போனோம். வாத்தியார் ஐயாவும் வந்திருந்தார், வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. போன்கள் எல்லாம் காரிலேயே இருந்தன.

பருத்திக் கொடிகளை ஒவ்வொன்றாக நாலு பேர் பிடித்து மடித்தோம். 14 மடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று, யாரும் அவசரப்படவில்லை. பெரிய இரும்புச் சட்டியில் காய்ந்த வேப்பங்குச்சி அடுக்கி, ஒரு கொடி முழுதாக எரிந்து தணிந்த பிறகுதான் அடுத்தது. காவி, பச்சை எல்லாம் ஒரே நிறச் சாம்பல்தான். பேப்பர் கொடிகளும் அதோடு போயின. சாம்பல் ஆறியதும் அங்கேயே குழி தோண்டி மூடினோம்.

பானை காருக்குறிச்சியில் வாங்கியது. எதற்கு என்று வேளார் கேட்டார், சொன்னேன். தட்டித் தட்டி ஓசை பார்த்து, கீறல் இல்லாத ஒன்றாக அவரே எடுத்துக் கொடுத்தார். 29 கொடியும் அதில் அடங்கின. மெக்கானிக் கடைக் கொடி பாலியெஸ்டர்தான். முந்தின நாள் இரவு சோப்புப் போட்டுக் கசக்கிப் பார்த்தேன், கறை முழுக்கப் போகவில்லை. அதைக் கடைசியாக, சக்கரம் மேலே தெரியும்படி வைத்து மூடினோம். வாத்தியார் ஐயா சல்யூட் அடித்து நின்றார். நாங்களும் நின்றோம்.

இந்த ஆகஸ்டுக்குக் கதர்க் கடையில் சொல்லி வைத்திருக்கிறேன். வேண்டும் என்று பெயர் கொடுத்த வீட்டுக்கு மட்டும், கூடவே மடிக்கிற விதமும் இறக்குகிற நேரமும் எழுதிய ஒரு தாள். 15ஆம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்குத் தெருப் பிள்ளைகளுக்கு ஐயா மடிக்கச் சொல்லித் தருகிறார். பக்கத்துத் தெருக்காரர்களும் வரலாம்.

அட்டைப்பெட்டி இப்போது காலி. திண்ணையை விட்டு எடுக்கவில்லை. 'பழைய கொடியை இங்கே வைக்கவும்' என்று மகள் எழுதி ஒட்டியிருக்கிறாள்.